செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம்?

கேள்வி: "உடம்பு ஏற்றுவதற்காக 8 முதல் 12 ரெப் வரை போடுகிறேன். 60 விநாடிக்கு மேல் நின்றால் பம்ப் இறங்கிவிடும், தசை வளராது என்கிறார் ஒருவர். மூன்று நிமிடம் எடு என்கிறார் இன்னொருவர். எனக்குப் பலமும் வேண்டும், தசையும் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஜிம்மில் இருக்கவும் முடியாது. யார் சொல்வதைக் கேட்பது?"

(புதியவர்களுக்கு: ஒருமுறை தூக்கி இறக்குவது ரெப், நிற்காமல் சேர்ந்தாற்போல் போடும் ரெப்கள் ஒரு செட், ரத்தம் ஏறித் தசை புடைப்பது பம்ப்.) பல மூட்டுகள் சேர்ந்து அசையும் பெரிய பயிற்சிகளுக்கு மூன்று நிமிடக்காரரைக் கேளுங்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், ஓவர்ஹெட் பிரஸ், ரோ, புல்-அப் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பைசெப் கர்ல், லேட்டரல் ரெய்ஸ், லெக் எக்ஸ்டென்ஷன் மாதிரி ஒரே மூட்டு அசையும் பயிற்சிகளுக்கு ஒன்றரை நிமிடம் தாராளம். 60 விநாடிக்குக் கீழே போகவே கூடாது என்றில்லை. அதற்கென்று சில இடங்கள் உண்டு. எல்லா செட்டுக்கும் அதையே சட்டமாக்கினால் பலமும் கெடும், வளர்ச்சியும் கொஞ்சம் குறையும். ஒரு மணி நேரத்துக்குள் எப்படி அடக்குவது என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் ஓய்வில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அது பிடிபட்டால் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தசை சுருங்குவதற்குச் செலவாகும் பொருள் ஏடிபி. தசைக்குள் தயாராகக் கிடக்கும் ஏடிபி, முழு முயற்சியில் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். அது குறையக் குறைய உடனுக்குடன் ஈடுகட்டுவது பாஸ்போகிரியாட்டின். முழு வேகத்தில் அதுவும் பத்து விநாடி அளவில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதற்குப் பிறகு, ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைக்கும் வழிதான் பாரத்தின் பெரும் பங்கைச் சுமக்கிறது. தசை எரியத் தொடங்குவது அப்போதுதான். நிதானமாகப் பத்து ரெப் போட 30 முதல் 40 விநாடி ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒழுங்காகப் போட்ட ஒரு செட் முடியும்போது பாஸ்போகிரியாட்டின் என்ற அந்தக் கல்லாப்பெட்டியில் பெரும்பகுதி காலியாகியிருக்கும்.

பாரை (எடை மாட்டிய கம்பியை) ரேக்கில் வைத்த கணமே அந்தப் பெட்டி நிரம்பத் தொடங்குகிறது, ஆனால் ஒரே சீராக நிரம்புவதில்லை. 1976-ல் வெளியான ஓர் ஆய்வில் தொடைத் தசையிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்து இதை அளந்தார்கள். பாஸ்போகிரியாட்டின் முதலில் வேகமாகத் திரும்புகிறது. அந்தக் கட்டத்தின் பாதி வேலை 20 விநாடி சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு வருவது மெதுவான கட்டம். அதில் பாதி நிரம்பவே 170 விநாடிக்கு மேல் ஆகிறது. இதே ஆய்வில் காலுக்குப் போகும் ரத்தத்தைப் பட்டை கட்டி நிறுத்தியபோது நிரம்புவது அடியோடு நின்றுபோனது. ஆக, நிரப்புவதற்கு ரத்தமும் ஆக்சிஜனும் வேண்டும். செட் முடிந்ததும் வயிற்றை மடக்கிக்கொண்டு பெஞ்சில் சுருண்டு உட்காருபவர், மூச்சை ஆழமாக இழுக்கவேண்டிய முதல் நிமிடத்தில் அதைக் கெடுத்துக்கொள்கிறார்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஓய்வின் முதல் நிமிடம்தான் அதிக லாபம் தருவது. 30 விநாடியை 90 ஆக்கினால் கிடைப்பது மிகப் பெரிது. 90-ஐ 180 ஆக்கினால் கிடைப்பது ஓரளவு. 3 நிமிடத்தை 5 ஆக்கினால் கிடைப்பது கொசுறு. அந்தக் கொசுறும் தேவைப்படும் நேரம் ஒன்று உண்டு. எடை உச்சத்தை நெருங்கும்போது, அதாவது ஒன்று முதல் மூன்று ரெப் மட்டுமே வரக்கூடிய பாரத்தில். அந்த அளவில் 95 சதவீதம் தேறியிருப்பதும் முழுதாகத் தேறியிருப்பதும் ஒன்றல்ல. பார் பாதி வழியில் நின்றுபோகும்.

தசையில் சேரும் அமிலத்தன்மை வேறு கதை. அது இறங்க இன்னும் நேரம் பிடிக்கும். ரத்தத்தில் ஏறிய லாக்டேட் பாதியாகக் குறையவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதற்காக யாரும் காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் வேண்டாம். (மறுநாள் வரும் தசை வலிக்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பழைய நம்பிக்கை இன்னும் சாகவில்லை என்பதால் சொல்லிவைக்கிறேன்.)

சரி, அந்த 60 விநாடி எங்கிருந்து வந்தது? 1990-களின் தொடக்கத்தில் வந்த சில ஆய்வுகள், பத்து ரெப் வரக்கூடிய எடையை ஒரு நிமிட ஓய்வில் போட்டால் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் கூடுதலாக எகிறுகிறது என்று கண்டன. கண்டது உண்மைதான். "ஹார்மோன் ஏறினால் தசை ஏறும்" என்று பின்னால் வந்தவர்கள் கட்டிய பாலம்தான் இடிந்துவிட்டது. அந்த ஏற்றம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து அளந்தபோது அதற்கும் தசை வளர்ச்சிக்கும் உருப்படியான தொடர்பு தென்படவில்லை. ஆனாலும் எண் நிலைத்துவிட்டது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில்கூட தசை வளர்ச்சிக்குப் பெரும்பாலும் 1 முதல் 2 நிமிடம் என்றுதான் இருக்கிறது.

2016-ல் இரண்டு ஆய்வுகள் இதைத் திருப்பிப் போட்டன. ஒன்றில், ஏற்கெனவே பயிற்சியில் இருந்த 21 இளைஞர்கள் எட்டு வாரம், வாரம் மூன்று நாள், ஏழு பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 ரெப்பில் மூன்று செட் போட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒரு நிமிட ஓய்வு, மறுபாதிக்கு மூன்று நிமிடம். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் இரண்டிலும் மூன்று நிமிடக்காரர்களின் பலம் கூடுதலாக ஏறியது. முன்தொடைத் தசையின் தடிமனும் அவர்களுக்கே அதிகம். இன்னொரு ஆய்வு ஒரு நிமிடத்தையும் ஐந்து நிமிடத்தையும் ஒப்பிட்டது. பயிற்சி முடிந்த முதல் நான்கு மணி நேரத்தில் தசைப் புரதம் உருவாகும் வேகம், ஒரு நிமிடக்காரர்களுக்கு 76 சதவீதம் கூடியது. ஐந்து நிமிடக்காரர்களுக்கு 152 சதவீதம். டெஸ்டோஸ்டிரோன் அதிகம் ஏறியதோ ஒரு நிமிடக்காரர்களுக்கு. ஹார்மோன் ஒரு பக்கம் போக, புரதம் மறுபக்கம் சேர்ந்தது.

இதை வைத்து மூன்று நிமிடத்துக்குக் குறைந்தால் எல்லாம் வீண் என்றும் பயப்பட வேண்டாம். 2024-ல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசலில், 60 விநாடிக்கு மேல் ஓய்வெடுப்பதற்குச் சிறிய ஆதாயம் தெரிந்தது. 90 விநாடியைத் தாண்டிய பிறகு தசை அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தசை வளர்ச்சி மட்டும்தான் குறி என்றால் ஒன்றரை, இரண்டு நிமிடமே பல பயிற்சிகளுக்குப் போதும். மூன்று நிமிடத்துக்கு மேல் கேட்பது பலம்.

நீண்ட ஓய்வுக்கென்று தனி மாயம் எதுவும் இல்லை. அடுத்த செட்டின் ரெப்களை அது காப்பாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பெஞ்ச் பிரஸ்ஸில் 60 கிலோ போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் செட்டில் 10 ரெப். ஒரு நிமிடம் நின்றுவிட்டு இரண்டாவது செட், 7 வருகிறது. மறுபடி ஒரு நிமிடம், 5 வருகிறது. மொத்தம் 22 ரெப், தூக்கிய பாரம் 1,320 கிலோ. அதே ஆள், அதே எடை, நடுவில் மூன்று நிமிடம் நின்றால் 10, 9, 8 என்று வருவது சாதாரணம். 27 ரெப், 1,620 கிலோ. செலவழித்தது கூடுதலாக நான்கு நிமிடம், கிடைத்தது ஐந்து ரெப். இந்த ஐந்தை ஒரு நிமிட ஓய்விலேயே எடுக்கவும் முடியும்: நான்காவதாக ஒரு செட் போட வேண்டும். மொத்த வேலையை அப்படிச் சமமாக்கிவிட்டால் தசை வளர்ச்சியும் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. ஆகவே ஓய்வைக் குறைப்பவர் செட்டைக் கூட்ட வேண்டும். ஓய்வையும் குறைத்து, அதே மூன்று செட்டோடு முடித்துக்கொண்டு, "நல்லா எரிஞ்சுது" என்று திருப்திப்படுபவர்தான் ஏமாறுகிறார்.

இனி பயிற்சிவாரியாக.

பலத்துக்காக 1 முதல் 5 ரெப் போடும் ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச், ஓவர்ஹெட் பிரஸ்: 3 முதல் 5 நிமிடம். டெட்லிஃப்டில் ஐந்தைத் தாண்டினாலும் குற்றமில்லை. கீழ்முதுகும் பிடியும் தேற நேரம் எடுக்கும். எடை ஏற ஏற ஓய்வும் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். 50 கிலோவில் ஐந்து ரெப் போடும் புதியவருக்கு இரண்டு நிமிடத்தில் மூச்சும் பலமும் திரும்பிவிடும். அதே ஆள் மூன்று வருடம் கழித்து 150 கிலோவில் ஐந்து போடும்போது நான்கு நிமிடமும் போதாமல் இருக்கலாம். சோம்பல் ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், செலவு ஏறியிருக்கிறது.

தசைக்காக 6 முதல் 12 ரெப் போடும் பெரிய பயிற்சிகள்: 2 முதல் 3 நிமிடம். மேலுடம்புக்கு இரண்டு, காலுக்கு மூன்று என்று தொடங்குங்கள்.

15, 20 ரெப் ஸ்குவாட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எடை குறைவு, அதனால் ஓய்வும் குறைவாகப் போதும் என்று தோன்றும். உண்மை தலைகீழ். 20 ரெப் ஸ்குவாட் முடிந்ததும் தொடையைவிட நெஞ்சுதான் அதிகம் அடித்துக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் அடுத்த செட்டுக்குள் போனால், தொடை களைக்கும் முன்பே மூச்சு முட்டி 11-ல் பாரை வைத்துவிடுவீர்கள். அந்த செட் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பயிற்சி, தொடைக்குப் பாதிப் பயிற்சி. இதற்கும் மூன்று நிமிடம் கொடுங்கள். லஞ்ச், லெக் பிரஸ் உயர் ரெப்பிலும் இதே கதைதான்.

கர்ல், டிரைசெப் புஷ்-டவுன், லேட்டரல் ரெய்ஸ், காஃப் ரெய்ஸ், லெக் கர்ல்: 60 முதல் 90 விநாடி. சின்னத் தசை, மொத்த உடம்பும் களைப்பதில்லை, மூச்சும் சீக்கிரம் திரும்பும். லெக் எக்ஸ்டென்ஷனை மட்டும் இரண்டு நிமிடம் வரை இழுக்கலாம்.

ஒரு கை, ஒரு கால் பயிற்சிகளில் குழப்பம் வரும். டம்பெல் ரோவில் வலது முடிந்து இடது போடும்போது வலது கை ஓய்வில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் முடித்துவிட்டு ஒன்றரை நிமிடம் நின்றால் ஒவ்வொரு கைக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைத்துவிடும். பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டில் அது நடக்காது. ஒரு காலை முடித்தவுடன் மறு காலுக்குத் தாவினால் மூச்சில்லாமல் இரண்டாவது கால் எப்போதும் குறைவாகவே வாங்கும். நடுவில் ஒரு நிமிடம் நில்லுங்கள், பலவீனமான காலில் தொடங்குங்கள்.

மேலே சொன்ன எண்கள் தொடக்கத்துக்கு. முடிவு செய்ய வேண்டியது உங்கள் உடம்பு. பாரைத் தொடும் முன் நான்கைக் கவனியுங்கள். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? வேலை செய்த தசையில் எரிச்சல் அடங்கிவிட்டதா? துணைக்கு வரும் தசை தயாரா? (ரொமேனியன் டெட்லிஃப்டில் பின்தொடை தயாராக இருக்கும், கீழ்முதுகோ பிடியோ இருக்காது. பார் கையிலிருந்து நழுவினால் பின்தொடைக்கு ஒன்றும் கிடைக்காது.) கடைசியாக, மனதளவில் அடுத்த செட்டைத் தள்ளத் தயாரா? நான்குக்கும் ஆம் என்றால், கடிகாரம் 1:40 காட்டினாலும் போகலாம். ஒன்றுக்கு இல்லை என்றால் 3:00 காட்டினாலும் இன்னும் அரை நிமிடம் நில்லுங்கள்.

உணர்வில் நம்பிக்கை இல்லாதவர்கள் ரெப் எண்ணிக்கையைப் பார்க்கலாம். முதல் செட்டை ஒன்றிரண்டு ரெப் மிச்சம் வைத்து முடியுங்கள். அதே எடையில் இரண்டாவது செட்டில் பத்துக்கு ஒன்றோ இரண்டோ குறைந்தால் ஓய்வு சரி. மூன்றுக்கு மேல் சரிந்தால் அடுத்த முறை 45 விநாடி கூட்டுங்கள். மூன்று செட்டும் 10, 10, 10 என்று சொகுசாக வந்தால் பிரச்சினை ஓய்வில் இருக்காது. முதல் செட்டில் நீங்கள் மிச்சம் வைத்தது இரண்டல்ல, ஐந்து. எடையைக் கூட்டுங்கள்.

கடிகாரம் ஓடுவது பாரை வைத்த கணத்திலிருந்து அடுத்த செட்டின் முதல் ரெப் வரை. பிளேட் மாற்றுவது, தண்ணீர் குடிப்பது, பெல்ட் கட்டுவது எல்லாம் இதற்குள் வரவேண்டும். மூன்று நிமிடத்தை ஒருமுறை நிறுத்திப் பார்ப்போம். முதல் 30 விநாடி நின்றபடியோ மெதுவாக நடந்தபடியோ மூக்கால் இழுத்து வாயால் நீளமாக விடுங்கள். கனமான கால் செட்டுக்குப் பிறகு படார் என்று உட்கார்ந்துவிட வேண்டாம், அசையாமல் நிற்கவும் வேண்டாம். கால்களில் தேங்கும் ரத்தத்தை மேலே அனுப்புவது கெண்டைக்கால் தசைதான். இரண்டடி நடந்தால் தலைசுற்றல் வராது. அரை நிமிடத்தில் நோட்டை எடுத்து எடையும் ரெப்பும் எழுதுங்கள். ஒரு நிமிடத்தில் பிளேட் மாற்றம். ஒன்றரையில் ஒரு மிடறு தண்ணீர். ஒரு மிடறுதான், அரை பாட்டில் அல்ல. பெல்ட் கட்டி மூச்சைப் பிடிக்கும்போது வயிற்றில் குலுங்கும். இரண்டரையில் பெல்ட், சாக்பவுடர், பாருக்கு அடியில் கால் வைக்கும் இடம். மூன்றில் முதல் ரெப். கைப்பேசிக்கு இந்தப் பட்டியலில் இடம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். டைமர் வைப்பதற்கு மட்டும் அதைத் தொடுங்கள். ஒரு வீடியோ பார்த்து நிமிரும்போது ஏழு நிமிடம் போயிருக்கும், உடம்பு ஆறியிருக்கும்.

அதே தசையை நடுவில் பிடித்து இழுத்து ஸ்ட்ரெட்ச் செய்வதும் வேண்டாத வேலை. ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்து வைத்தால் அடுத்த செட்டில் விசை குறையும். கையைக் காலை உதறிக்கொள்வது வேறு, அதில் தவறில்லை.

வார்ம்-அப் செட்டுகளுக்கு இந்த ஓய்வெல்லாம் வேண்டாம். 100 கிலோ ஸ்குவாட்டுக்குப் போகிறவர் வெறும் பார் 20 கிலோவில் 10, பிறகு 50-ல் 5, 70-ல் 3, 85-ல் 1 என்று ஏறினால், முதல் இரண்டுக்கு நடுவே பிளேட் மாற்றும் நேரமே ஓய்வு. 70-க்குப் பிறகு ஒரு நிமிடம். 85-க்குப் பிறகு இரண்டு, மூன்று நிமிடம். இந்தக் கடைசி ஓய்வைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள். வார்ம்-அப் சூட்டோடு சூடாக முதல் பெரிய செட்டுக்குள் குதித்து, "இன்னைக்கு வெயிட் கனமா இருக்கு" என்று முனகுவது இதனால்தான்.

அதிகமாக எடுப்பதால் கெடுமா? தசைக்கு நேரடிக் கெடுதல் இல்லை. உடம்பு ஆறுவது, கவனம் சிதறுவது, கடைசிப் பயிற்சிகளுக்கு நேரமில்லாமல் போவது, இவைதான் இழப்பு. 6 நிமிடத்துக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் தூக்கமோ சாப்பாடோ முந்தைய நாள் பயிற்சியோ காரணமாக இருக்கலாம். ஒலிம்பிக் எடைதூக்குதலில் ஒருவர் அடுத்தடுத்து தானே தூக்க வேண்டிய நிலை வந்தால் அவருக்குக் கிடைப்பது 2 நிமிடம்தான். அந்தப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் சில நாள்களில் வேண்டுமென்றே இரண்டு நிமிடத்தில் ஒற்றை ரெப்கள் போட்டுப் பழகுகிறார்கள். அவர்கள் தேவை அது, உங்கள் தேவை அல்ல.

கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. போன வாரம் 60 கிலோ 10, 8, 7. இந்த வாரம் 10, 10, 9. முன்னேற்றம் என்று மகிழ்கிறீர்கள். போன வாரம் ஜிம் காலியாக இருந்தது, இரண்டு நிமிடத்தில் முடித்தீர்கள். இந்த வாரம் பெஞ்சை இன்னொருவரோடு பங்குபோட்டு நான்கு நிமிடம் நின்றீர்கள். ஏறியது ஓய்வு, பலமல்ல. அதற்கு அடுத்த வாரம் பழையபடி இரண்டு நிமிடத்தில் போட்டு 8-ல் நின்றதும், "பலம் இறங்கிவிட்டதே" என்று திட்டத்தையே மாற்றிவிடுவார்கள். அதனால் நோட்டில் எடை, ரெப் பக்கத்தில் ஓய்வையும் எழுதுங்கள். 60 × 10, 9, 8, ஓய்வு 3 என்று ஒரு எண் போதும்.

இனி நேரக் கணக்கு. மூன்று நிமிட ஓய்வில் பெஞ்ச் பிரஸ் நான்கு, ரோ நான்கு, மொத்தம் எட்டு செட். செட்டுக்கு 40 விநாடி என்றால் 320 விநாடி வேலை. நடுவில் ஏழு ஓய்வு, 1,260 விநாடி. ஆக 26 நிமிடம் சொச்சம். இப்போது மாற்றிப் போடுங்கள். பெஞ்ச் ஒரு செட், 75 விநாடி நிற்பது, ரோ ஒரு செட், 75 விநாடி நிற்பது, மறுபடி பெஞ்ச். பெஞ்சின் ஒரு செட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 75 + 40 + 75, அதாவது 190 விநாடி. நெஞ்சுக்கு மூன்று நிமிடத்துக்கு மேலேயே கிடைக்கிறது, ஏனென்றால் ரோ போடும்போது நெஞ்சு சும்மா இருக்கிறது. எட்டு செட்டும் 845 விநாடியில், 14 நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சம் 12 நிமிடம்.

இதில் ஜோடி சேர்ப்பதுதான் சாமர்த்தியம். தள்ளுவதோடு இழுப்பது, பைசெப்போடு டிரைசெப், லெக் எக்ஸ்டென்ஷனோடு லெக் கர்ல், ஓவர்ஹெட் பிரஸ்ஸோடு லாட் புல்-டவுன். டெட்லிஃப்டோடு ரோவைச் சேர்த்தால் பிடியும் கீழ்முதுகும் இரண்டிலும் மாட்டும். ஸ்குவாட்டோடு டெட்லிஃப்ட் வேண்டவே வேண்டாம். ஸ்குவாட்டோடு எதைச் சேர்த்தாலும் மூச்சுப் பிரச்சினை இருக்கும்; சேர்த்தே ஆக வேண்டுமென்றால் காஃப் ரெய்ஸ் மாதிரி மூச்சு வாங்காத ஒன்றைச் சேருங்கள். கூட்டமான நேரத்தில் இரண்டு மெஷினைப் பிடித்து வைத்தால் சண்டை வரும். ஒரே பெஞ்சில் டம்பெல் பிரஸ்ஸும் டம்பெல் ரோவும் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் ஒரு மணி நேரம் இப்படி அடங்கும்: வார்ம்-அப் 10 நிமிடம். ஸ்குவாட் மூன்று செட், மூன்று நிமிட ஓய்வில் 8 நிமிடம். அதிலிருந்து பெஞ்சுக்கு நகர்ந்து, அதற்குச் சில வார்ம்-அப் செட் போட 5 நிமிடம். பெஞ்ச்-ரோ ஜோடி 14. ஓவர்ஹெட் பிரஸ், லாட் புல்-டவுன் ஜோடி, மூன்று சுற்று, 10 நிமிடம். கர்ல், புஷ்-டவுன் ஜோடி, 40 விநாடி நின்று மூன்று சுற்று, 8 நிமிடம். மொத்தம் 55. இடம் மாறுவதற்கு ஐந்து நிமிடம் கையில் இருக்கிறது.

குறுகிய ஓய்வுக்கு இடம் உண்டு என்றேனே, அது கடைசிப் பயிற்சியில். ரெஸ்ட்-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். லேட்டரல் ரெய்ஸில் 12 முதல் 15 ரெப், கிட்டத்தட்ட கை ஏறாமல் நிற்கும் வரை. டம்பெலைக் கீழே வைத்து ஐந்து ஆழ்ந்த மூச்சு, 15 முதல் 20 விநாடி. உடனே 4 ரெப். மறுபடி ஐந்து மூச்சு, 4 ரெப். 3-க்கு இறங்கும்போது நிறுத்துங்கள். நான்கு நிமிடத்தில் மூன்று செட்டின் வேலையை அநேகமாக முடித்துவிடலாம். எடை இறக்கிக்கொண்டே போகும் டிராப் செட்டும் இதே குடும்பம். இவற்றை மெஷினிலும் கேபிளிலும் டம்பெலிலும் செய்யுங்கள். ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் செய்தால், களைத்த கீழ்முதுகு வளையும் நேரத்தில்தான் அடுத்த ரெப் வரும்.

கனமான எடைக்கு இதன் எதிர்ப்பக்கம் கிளஸ்டர் செட். 6 ரெப்பை 2 + 2 + 2 ஆகப் பிரித்து, நடுவில் 20 விநாடி பாரை ரேக்கில் வைப்பது. ஒவ்வொரு ரெப்பும் வேகமாக வரும். ஆறும் முடிந்த பிறகு முழு 3 நிமிடம்.

உடம்பின் கொழுப்பைக் குறைக்கும் காலத்தில் ஓய்வைச் சுருக்குவது ஒரு பழக்கமாகிவிட்டது. வியர்வை அதிகம், எரியும் கலோரியோ சொற்பமே கூடுதல். சாப்பாடு குறைந்திருக்கும் அந்த நேரத்தில் தசையைத் தக்கவைப்பது பாரில் இருக்கும் எடை. ஓய்வைச் சுருக்கினால் முதலில் இறங்குவதும் அதுவே. எடையையும் ஓய்வையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடையையோ சைக்கிளையோ தனியாகப் போடுங்கள்.

பெண்களுக்குப் பொதுவாக, தங்கள் உச்சத்தில் அதே சதவீத எடைக்கு ரெப் சரிவு குறைவு, தேறுவதும் வேகம். ஆணுக்கு மூன்று நிமிடம் கேட்கும் இடத்தில் இரண்டு போதுமாக இருக்கலாம். ரெப் எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். கிரியாட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம் எடுப்பவர்களுக்கு அந்தக் கல்லாப்பெட்டியே கொஞ்சம் பெரிதாகிறது, பின்செட்டுகளில் ஒரு ரெப் கூடுதலாக நிற்பது அதனால்தான். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக் கனம் தூக்கும் முன்பும், குறுகிய ஓய்வு முறைகளைத் தொடும் முன்பும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வில் தலைசுற்றல், நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டுவது என்று வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

இதுவரை 60 விநாடியில் போட்டு வந்தவர் மூன்று நிமிடத்துக்கு மாறும்போது முதல் வாரம் பயிற்சியே செய்யாத மாதிரி இருக்கும். எரிச்சல் இருக்காது, பம்ப் குறையும். எடையைக் கூட்டும் ஆசையும் வரும். அந்த வாரம் பழைய எடையிலேயே இருந்து, மூன்று செட்டிலும் எத்தனை ரெப் வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். மூன்றாவது செட்டிலும் 10 தொட்டால், அடுத்த வாரம் இரண்டரை கிலோ ஏற்றுங்கள்.